சிரிப்பு வரும் இடம்

இந்த வேலைக்கு வந்ததும் உங்களுக்கு ஒரு சின்ன அறை கொடுப்பார்கள். இரண்டு நாற்காலிகள் எதிரெதிரே போட்டிருக்கும். நடுவில் மேசை, மேசைமேல் ஒரு தண்ணீர் பாட்டில். முதல் காரியமாக ஒரு நாற்காலியைத் தூக்கி மற்றதன் பக்கத்தில் போடுங்கள். எதிரே உட்கார்ந்தால் போலீஸ் விசாரணை மாதிரி இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்தால் பஸ்ஸில் போவது மாதிரி. குன்றத்தூரில் ஏறி ஸ்ரீபெரும்புதூரில் இறங்குவதற்குள் பக்கத்து சீட்டுக்காரரிடம் ஒரு மனுஷன் என்னவெல்லாம் கொட்டிவிடுகிறான் என்று நினைத்துப் பாருங்கள்.

இது நான் யோசித்துக் கண்டுபிடித்ததில்லை. எனக்குக் கூச்சம். எதிரே ஆள் இருந்தால் எனக்குப் பேச்சு வராது. பெண்களாக இருந்தால் தரையைத்தான் பார்ப்பேன். கம்பெனியில் எனக்கு முகத்தைவிட ஷூதான் அதிகம் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை குன்றத்தூர் மலைப்படியில் ஒரு பெண் "வணக்கம் அண்ணே" என்றாள். செருப்புப் போட்டிருந்ததால் யாரென்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. என்னோடு மூன்று வருடம் ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவளாம்.

என் பெயர் ஏழுமலை. மண்ணூர்க்காரன். அஞ்சாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஒரகடம் பக்கம் கார் சீட் செய்கிற கம்பெனியில் சீட்டுக்கு உறை மாட்டுகிற வேலைக்குச் சேர்ந்தேன். கடைசியில் சட்டையில் 'கோச்' என்று ஒட்டிக்கொண்டு திரிந்தேன். புதிதாக லைன் லீடர் ஆகிறவர்கள் தடுமாறாமல் நிற்கும்வரை கூடவே இருப்பதுதான் அந்த வேலை. முழங்கால் இரண்டும் மக்கர் செய்ததால் வயதாகும் முன்பே நின்றுவிட்டேன். இப்போது நீங்கள் வந்திருக்கிறீர்கள். மற்ற விஷயங்களை ஆபீஸில் சொல்லித் தருவார்கள். நான் இசக்கியின் சிரிப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதில் எல்லாம் இருக்கிறது.

அதற்கு முன்னால், நான் எப்படிக் கோச் ஆனேன் என்று நீங்கள் கேட்பீர்கள். கால் சுண்டுவிரலால் ஆனேன்.

சென்னையிலிருந்து ஒரு மேடம் வந்தார். உடம்பைக் கவனிக்கிற பயிற்சி என்றார்கள். நைட் ஷிஃப்ட் முடித்த ஆட்களையும் வீட்டுக்கு விடாமல் பிடித்து ஹாலில் உட்கார வைத்திருந்தார்கள். "கண்ண மூடுங்க. உங்க வெயிட் எந்த இடத்துல உக்காந்திருக்குன்னு பாருங்க" என்றார் மேடம். கண்ணை மூடியதுதான் தாமதம், பின்வரிசையிலிருந்து குறட்டை கிளம்பியது. லோகு. குன்றத்தூர்க்காரன், போல்ட் முடுக்குகிறவன், வாய் நீளம். சூப்பர்வைசர் அவனை எழுப்பப் போனார். மேடம் தடுத்துவிட்டார். "விடுங்க. இந்த ரூம்லயே சொன்னத ஒழுங்கா செய்றது அவர்தான். உடம்பு கேட்டுது, குடுத்துட்டார்."

அப்புறம் ஒவ்வொருவராக என்ன உணர்ந்தீர்கள் என்று கேட்டார். நம் ஆட்களுக்கு டீ பிரேக் அவசரம். ஒருவன் அமைதி என்றான். ஒருவன் நெற்றியில் வெளிச்சம் என்றான். அடுத்தவன் இரண்டுமே என்றான். என் முறை வந்தது. பொய் சொல்லவும் கூச்சம், மெய் சொல்லவும் கூச்சம். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இடது கால் சுண்டுவிரலக் காணோம் மேடம்."

ஹால் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். லோகுவே எழுந்துகொண்டான். மேடம் சிரிக்காமல் இறங்கி வந்து ஷூவைக் கழற்றச் சொன்னார். கம்பெனி கொடுத்த ஷூ எனக்கு ஒரு அளவு சின்னது. சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். விரல் மரத்துப்போய்க் கிடந்தது.

"இத்தன வருஷமா தெரியலையா?"

"தெரியும் மேடம். ஸ்டோர்ல போயி வேற கேக்கறதுக்குத்தான் கூச்சம்."

இப்போது மேடம் சிரித்தார். அப்படிச் சிரித்தார். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி என் காலைப் பார்த்து மறுபடி சிரித்தார். அடுத்த வாரம் புது ஷூ வந்தது. கூடவே கோச் வேலையும் வந்தது. அவர்தான் என் பெயரைச் சொல்லியிருந்தார்.

எனக்கு என்ன தகுதி என்று அவரிடம் கேட்டேன். "இல்லாத வெளிச்சத்த நீங்க சொல்லல" என்றார். அப்புறம் ஒரே ஒரு பாடம் சொன்னார். "யாரையும் ஏன்னு கேக்காதீங்க ஏழுமலை. ஏன்னு கேட்டா ஆள் வக்கீல் ஆயிடுவான், காரணம் காரணமா அடுக்குவான். எங்கன்னு கேளுங்க. கைய வெச்சுக் காட்டுவான்."

புது ஷூவில் அன்று சாயங்காலம் நான் நடக்கவில்லை, மிதந்தேன். வீட்டுக்குப் போனதும் பாடத்தைச் சம்சாரத்திடம் பரீட்சித்தேன். சரோஜா மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"சரோஜா, கோவம் எங்க கீது? கைய வெச்சுக் காட்டு."

அவள் கையைக் காட்டினாள். கரண்டியோடு.

இனி இசக்கி.

இசக்கியம்மாள் கயத்தாறு பக்கத்துப் பெண். ஹாஸ்டலில் தங்கி, கம்பெனி பஸ்ஸில் வந்து போகிறவள். சீட் லைனில் எந்த இடத்தில் நிறுத்தினாலும் வேலை செய்வாள். உறை மாட்டுவாள், போல்ட் போடுவாள், ஒயர் கோப்பாள். அதனால் அவளை லைன் லீடராகச் சோதனைக்குப் போட்டார்கள். மழைக்காலம் முடிவதற்குள் மேனேஜர் முடிவு சொல்வார். சரிப்பட்டால் நிரந்தர வேலை. இல்லையென்றால் கான்ட்ராக்ட் முடிந்ததும் ஊருக்குப் போக வேண்டியதுதான்.

லைன் லீடர் என்றால் என்ன? காலையில் ஷிஃப்ட் தொடங்கும் முன் நாற்பது பேர் முன்னால் நின்று, நேற்று யார் என்ன தப்புச் செய்தார் என்று நேருக்கு நேர் சொல்ல வேண்டும். ஓடும்போது ஏதாவது கோளாறு என்றால் தலைக்கு மேலே போகிற மஞ்சள் கயிற்றை இழுத்து லைனை நிறுத்த வேண்டும். இழுத்தால் விளக்கு சுழலும், ஒரு டிங் டிங் மெட்டு ஒலிக்கும், குழந்தைகள் பொம்மையில் வருமே அதுபோல. மறுபடி லைன் ஓடும்வரை அந்த மெட்டு நிற்காது. கம்பெனி முழுக்கத் திரும்பிப் பார்க்கும்.

இசக்கிக்கு வந்த கஷ்டம் சிரிப்பு.

முதல் நாள் காலை மீட்டிங். லோகு முந்தின நாள் ஒரு சீட்டுக்கு இடது பக்க போல்ட்டை வலது பக்கம் போட்டிருந்தான். அதைச் சொல்ல வேண்டும். "லோகண்ணே, நேத்து நீங்க..." என்று ஆரம்பித்தாள். சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தினாள், மூக்கு வழியாக வந்தது.

"இன்னா லீடரம்மா, என் மூஞ்ச பாத்தா காமெடியா கீதா?" என்றான் லோகு. "என் சாவுக்கும் வந்து இப்டித்தான் சிரிப்பியா?"

"வருவேன்ணே" என்றாள் அவள். 'வருவேன்ணே, சிரிக்கமாட்டேன்' என்று சொல்ல வந்தாள். பயத்தில் பின்பாதி வரவில்லை. நாற்பது பேரும் உருண்டார்கள். லோகு மட்டும் உருளவில்லை.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் சிரித்து யாரும் பார்த்ததில்லை. "ஏழுமலை, திட்ட வேண்டிய இடத்துல சிரிக்கிற லீடர வெச்சிக்கினு நான் என்ன பண்றது? நிறுத்தச் சொல்லு. இல்லன்னா அந்தப் பொண்ண பழைய எடத்துக்கே அனுப்பிடுவேன்."

இசக்கி என் அறைக்கு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இடது ஷூ நாடாவை இரட்டை முடிச்சாகப் போட்டிருந்தாள். நான் அதைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"இன்னாமா இது?"

"வேணும்னா சிரிக்கேன் அண்ணாச்சி? பயம் வந்தா எனக்குச் சிரிப்பாணி வருது. சின்னதுல இருந்தே அப்படித்தான். பரீட்சை ஹால்ல சிரிச்சு வெளிய அனுப்பிட்டாவ." குனிந்து இரட்டை முடிச்சை இன்னும் இறுக்கினாள். "ஊருக்குப் போனா தீப்பெட்டி ஆபீஸ்தான். நான் போவமாட்டேன் அண்ணாச்சி. என்னமாச்சும் செய்யுங்க."

இங்கேதான் நான் செய்தேன் முதல் தப்பை. மேடம் சொன்ன பாடம் மறந்துபோனது. நிறுத்தச் சொன்னார் அல்லவா மேனேஜர், நிறுத்துகிற வழியைத் தேடினேன். "சிரிப்பு வந்தா நாக்க மேல ஒட்டிக்கோ, மூச்ச புடிச்சிக்கோ" என்றேன். ரொம்பத் தெரிந்தவன் மாதிரி சொன்னேன்.

மறுநாள் மீட்டிங்கில் அவள் நாக்கை ஒட்டினாள், மூச்சைப் பிடித்தாள். சிரிப்பு வரவில்லை. விக்கல் வந்தது. அதுவும் சாதாரண விக்கல் இல்லை. தவளை மாதிரி, ஆளையே தூக்கிப்போடுகிற விக்கல். "நேத்து மூணு சீ... ஹிக்... சீட்டு..." நாற்பது பேரும் அடுத்த விக்கலுக்குக் காத்திருந்தார்கள். ஒவ்வொரு விக்கலுக்கும் "ஆங்" என்று ஒரே குரலில் தாளம் போட்டார்கள்.

"யாருனா லீடருக்கு தண்ணி குடுங்கப்பா, எஞ்சின் சூடாயிடுச்சு" என்றான் லோகு.

நான் மேடத்துக்கு போன் போட்டேன். எல்லாம் கேட்டுவிட்டு அவர் ஒன்றுதான் கேட்டார். "எங்கன்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு என் மண்டையில் நானே ஒன்று போட்டுக்கொண்டேன்.

இடைவேளையில் இசக்கியை அழைத்துக்கொண்டு கம்பெனி பஸ் நிற்கிற இடத்தைச் சுற்றி நடந்தேன். பக்கத்தில் நடப்பது பக்கத்தில் உட்கார்வதைவிட நல்லது. அதையும் நினைவில் வையுங்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது.

"சிரிப்பு முதல்ல எங்க ஆரம்பிக்குது? வாயிக்கு வர்றதுக்கு முன்ன?"

நின்றுவிட்டாள். கண்ணை மூடினாள். அவள் கை தேடிக்கொண்டு போவதை நான் பார்த்தேன். தொண்டைக்குப் போனது, இறங்கியது, வலது பக்க விலாவுக்குக் கீழே போய் நின்றது.

"இங்கன. தண்ணிக்குடம் தளும்புத மாதிரி. அப்புறம்தான் மேல ஏறுது." கண்ணைத் திறந்தாள். "அண்ணாச்சி, இது இங்கன இருக்குன்னு எனக்குத் தெரியவே தெரியாது!"

பாட்டி மூக்குக்கண்ணாடியை நெற்றியிலேயே கண்டெடுத்த மாதிரி அவளுக்குச் சந்தோஷம். அங்கே தளும்பும்போதே கவனி, அது ஏறுவதற்குள் நீ பேசி முடித்துவிடலாம் என்றேன். அடக்காதே, பார்த்துக்கொண்டே இரு என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அடுத்த மீட்டிங்கில் லோகுவிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, அப்புறம் சிரித்தாள். லோகு, "இது பரவால்ல. திட்டிட்டு சிரிக்கிற. மொத நாளு சிரிச்சிட்டுத் திட்ட வந்த" என்று ஒப்புக்கொண்டான்.

இந்த இடத்தோடு கதை முடிந்திருந்தால் நான் நல்ல கோச் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

ஒரு நாள் லைன் ஓடிக்கொண்டிருக்கும்போது இசக்கி நடந்து போனாள். அவளுக்கு ஒரு பழக்கம், கடந்துபோகிற சீட்டு ஒவ்வொன்றையும் மாட்டைத் தட்டுவதுபோல் தட்டிவிட்டுப் போவாள். ஒரு சீட்டைத் தட்டியதும் விலாவுக்குக் கீழே தளும்பியது. சிரித்தாள். சிரித்துக்கொண்டே கயிற்றை இழுத்தாள். டிங் டிங். பார்த்தால், அடியில் ஒரு போல்ட் பாதிதான் இறங்கியிருந்தது. கைக்குத் தெரிந்தது மூளைக்கு வருவதற்குள் சிரிப்பாக வந்திருக்கிறது.

அந்தப் போல்ட் காருக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். லோகு அன்று மத்தியானம் தன் அப்பளத்தை அவள் தட்டில் வைத்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. உடம்பு எல்லாவற்றையும் சொல்லும், கேட்கத் தெரிந்தால் போதும் என்று கேன்டீனில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பேசினேன். நான்! ஷூவைப் பார்த்துக்கொண்டு நடக்கிறவன்!

பேச்சு பரவியது. இசக்கி சிரித்தால் ஏதோ கோளாறு என்று ஆகிவிட்டது. அதற்கப்புறம் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? பழைய பைக் வாங்கப் போன ஒருவன், போனில் பைக் படத்தைக் காட்டி இசக்கி முகத்தைப் பார்த்தான். அவள் சிரித்தாள். அவன் வாங்கவில்லை. ஹாஸ்டலில் ஒரு பெண்ணுக்கு வரன் பார்த்திருந்தார்கள். மாப்பிள்ளை படத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். இசக்கிக்கு அந்த மீசையைப் பார்த்துச் சாதாரணச் சிரிப்பே வந்துவிட்டது. அந்தப் பெண் அழுதுகொண்டே வீட்டுக்கு போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மழை விடாமல் கொட்டிய ஒரு நாள், செம்பரம்பாக்கம் ஏரியைத் திறப்பார்களா மாட்டார்களா என்று பஸ்ஸில் வாக்குவாதம். டிரைவர் கண்ணாடி வழியாகக் கேட்டார்: "லீடரம்மா சிரிக்குதா பாருப்பா."

"அண்ணாச்சி, எனக்குச் சிரிக்கவே பயமா இருக்கு" என்றாள் இசக்கி. பயந்தால்தான் அவளுக்குச் சிரிப்பு வருமே. இன்னும் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பு எதற்கு அடிக்கிற மணி என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

பிறகு அந்த நாள் வந்தது.

எங்கள் சீட்டை வாங்குகிற கார் கம்பெனியிலிருந்து ஆட்கள் பார்வையிட வந்தார்கள். வெள்ளைச் சட்டை, தலைக்கவசம், கையில் டேப்லெட். மேனேஜர் முன்னால் நடந்தார். எல்லா லைனும் துடைத்துவைத்த பித்தளைச் செம்பு மாதிரி பளபளத்தது. நான் ரேக் பக்கம் ஒதுங்கி நின்றேன். மேனேஜர் அந்த வாரம் முடிவு சொல்ல வேண்டியிருந்தது. அது இசக்கிக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கூட்டம் அவள் பக்கம் வந்தது. அவள் ஒரு சீட்டைத் தட்டினாள். சிரித்தாள். கயிற்றை இழுத்தாள்.

விளக்கு சுழல, டிங் டிங் ஆரம்பித்தது.

லைனில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. இசக்கி சிரித்துவிட்டாள், ஏதோ இருக்கிறது. லோகு கீழே படுத்து ஒவ்வொரு போல்ட்டாகப் பார்த்தான். ஒருவன் சாய்மானத்தை முன்னும் பின்னும் ஆட்டினான். ஒன்றுமில்லை. "கீது, நல்லா பாரு" என்றான் லோகு. முந்தின சீட்டைப் பார்த்தார்கள். பிந்தின சீட்டைப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. மெட்டு முதலிலிருந்து மறுபடி வந்தது. விருந்தாளிகளில் ஒருவர் தன்னை அறியாமல் தலையை அந்தத் தாளத்துக்கு ஆட்ட ஆரம்பித்தார்.

"என்னம்மா ப்ராப்ளம்?" என்றார் மேனேஜர். இசக்கி சிரித்துக்கொண்டே இருந்தாள். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "ஏழுமலை?"

அத்தனை வெள்ளைச் சட்டையும் என்னைப் பார்த்தது. என் கால் விரல்கள் எல்லாம் ஷூவுக்குள் மடங்கிக்கொண்டன. இப்போது பத்தும் நன்றாகத் தெரிந்தன. நாக்குதான் காணோம்.

அப்போது தேவகி அக்காவின் கையைப் பார்த்தேன். தேவகி அக்கா எங்கள் மண்ணூர்தான், லைனில் தையல் சரிபார்க்கிறவர், எல்லோருக்கும் மூத்தவர். இசக்கியைத் தன் பெண் மாதிரி வைத்திருந்தார். எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு, யாரும் வெளியே சொல்ல மாட்டோம். யாராவது தப்பாகக் கயிற்றை இழுத்துவிட்டால், பக்கத்தில் இருப்பவர் உறையில் ஒரு நூலைப் பிரித்துவிடுவார். தையல் கோளாறு, அதனால் நிறுத்தினோம் என்று சீட்டை எடுத்து ஓரமாக வைத்துவிடலாம். இழுத்தவர் தப்பித்துக்கொள்வார். தேவகி அக்காவின் கட்டைவிரல் நகம் ஓரத் தையலில் இருந்தது. நூல் ஒரு சுற்று மேலே வந்திருந்தது.

பிரியட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். உங்களிடம் எதற்கு மறைக்க? அந்த ஒரு நூலில் அவளுடைய வேலை தொங்கிக்கொண்டிருந்தது.

இசக்கியும் அந்த நகத்தைப் பார்த்தாள்.

"வேண்டாம்க்கா" என்றாள், மெதுவாக.

அக்கா உதட்டை மட்டும் அசைத்து, "சும்மா இர்றீ" என்றார்.

இசக்கி கண்ணை மூடினாள். அத்தனை பேர் முன்னால், டிங் டிங் ஒலித்துக்கொண்டிருக்க, மஞ்சள் விளக்கு முகத்தில் சுற்றிச் சுற்றி அடிக்க, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அவள் கை விலாவுக்குக் கீழே போனது. அங்கே நிற்கவில்லை. மேலே ஏறி நெஞ்சுக்கு வந்தது. அங்கேயும் நிற்கவில்லை. தொண்டைக்குழியில் போய் நின்றது. அவள் கண்ணைத் திறந்தபோது சிரிப்பு இல்லை. எங்கே போனதென்று தெரியவில்லை.

"சார்" என்றாள். குரல் லைன் கடைசிவரை கேட்டது. "நிறுத்துனது நான்தான். சீட்டுல ஒரு குத்தமும் இல்ல. அவுகள எல்லாம் பாத்த பயத்துல நிறுத்திட்டேன். இப்ப ஓட்டுதேன்."

கயிற்றை மறுபடி இழுத்தாள். மெட்டு பாதியில் அறுந்தது. லைன் நகர்ந்தது. தலையாட்டிக்கொண்டிருந்த விருந்தாளி ஒரு தடவை அதிகமாக ஆட்டிவிட்டு நிறுத்தினார். தேவகி அக்கா பிரித்த நூலைத் தானே கத்தரித்துச் சரிசெய்து அனுப்பினார். கூட்டம் அடுத்த பகுதிக்குப் போய்விட்டது.

உடம்பு பொய்யே சொல்லாது என்று சிலர் உங்களுக்கு வகுப்பெடுப்பார்கள். நம்பாதீர்கள். பயந்தால் உடம்பும் உளறும். விலாவுக்குக் கீழே வருகிற சிரிப்பு சீட்டில் நடந்த தப்பைப் பற்றியது, தொண்டையில் வருகிறது பார்க்கிற ஆட்களைப் பற்றியது என்று அன்று இசக்கி தானாகக் கண்டுபிடித்தாள். அவளுக்கு நான் முதல் இடத்தை மட்டும் காட்டிவிட்டு, அதுதான் மொத்தமும் என்று ஊரெல்லாம் தண்டோரா போட்டிருந்தேன். ஒரு தடவை கேட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள். நேற்று ஒரு இடத்தில் இருந்தது இன்று அங்கேயே இருக்கும் என்று யார் சொன்னது?

சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டார். போச்சு என்றுதான் போனேன். அவர் நாற்காலியைக்கூடக் காட்டவில்லை.

"ஏழுமலை, எப்ப லைன் நின்னாலும் எனக்கு ஒரு நூல் பிரிஞ்ச சீட்ட கொண்டாந்து காட்டுறீங்க. நானும் பாத்துக்கினே கீறேன். போல்ட் போடற எடத்துல நின்னாலும் நூல். ஒயர் கோக்கற எடத்துல நின்னாலும் நூல். அந்த நூல் எல்லாம் தானா பிரியுதுன்னு நான் நம்பிக்கினு இருக்கேன்னா நெனச்சீங்க?"

நான் அவர் ஷூவைப் பார்த்தேன்.

"பயத்துல நிறுத்திட்டேன்னு இந்த லைன்ல ஒருத்தர் சொல்லி இன்னிக்குத்தான் கேட்டேன். இனிமே அந்தப் பொண்ணு நிறுத்துனா நான் நம்பலாம். நிறுத்தலன்னாலும் நம்பலாம். எனக்கு வேற இன்னா வேணும்?" எழுந்து தலைக்கவசத்தை எடுத்தார். "வா, சொல்லிட்டு வந்துடலாம்."

ஷிஃப்ட் மாறுகிற நேரம். லைன் ஓரமாக, பிளாஸ்டிக் உறை போட்டு லாரிக்குத் தயாராக சீட்டுகள் வரிசையாக நின்றன. இசக்கி அங்கேதான் இருந்தாள். மேனேஜர் நீட்டி முழக்கத் தெரியாதவர். "நீ பர்மனென்ட்டும்மா. நாளையிலருந்து உன் லைன்" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. கால் மடங்கி, பின்னால் எது இருக்கிறதென்று பார்க்காமல், அப்படியே உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் படபடவென்று நொறுங்கியது.

"அடியே, அது லாரிக்குப் போற சீட்டுடி! எந்திரி!" என்று தேவகி அக்கா கத்தினார். லோகு கைதட்ட ஆரம்பித்தான். போகிற ஷிஃப்டும் வருகிற ஷிஃப்டும் சேர்ந்து தட்டின. மேனேஜர் சட்டென்று முதுகைத் திருப்பிக்கொண்டு ரேக்கைப் பார்த்து நின்றார். அவருடைய தோள்கள் இரண்டும் குலுங்கின. எதற்கென்று நான் போய்ப் பார்க்கவில்லை. எனக்குக் கூச்சம்.

"நிக்க முடியலையே அண்ணாச்சி" என்றாள் இசக்கி, சாய்ந்துகொண்டு. "நல்ல மெத்தையாத்தான் செய்யுதோம். இத்தன நாளு ஒருநா உக்காந்து பாக்கலையே."

கொஞ்சம் கழித்து எழுந்தாள். யாராவது உட்கார்ந்துவிட்ட சீட்டை அப்படியே அனுப்பக்கூடாது என்பது விதி. கசங்கிய பிளாஸ்டிக்கை உரித்துப் போட்டாள். குனிந்து அடியில் ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டாள். சாய்மானத்தை ஆட்டினாள். தையல் ஓரமாக விரலை ஓட்டினாள். புது உறை போட்டாள். கடைசியாக ஒரு தட்டு தட்டிவிட்டு, லாரிக்காரரைப் பார்த்துக் கையை உயர்த்தினாள்.

"போலாம் அண்ணே."